கணினியிலிருந்து ஹால் ஸ்டீரியோவுக்குப் பாட்டு: புளூடூத்தா, வைஃபையா, கேபிளா?

என் தங்கை வீட்டுக்காரர் அண்மையில் சிங்கப்பூரின் பொங்கோல் வட்டாரத்தில் புது வீட்டுக்குக் குடிபோனார். நல்ல ஆம்ப்ளிஃபயர் ஒன்றையும் ஒரு ஜோடி ஸ்பீக்கரையும் வாங்கி வைத்துவிட்டு, "மச்சான், லேப்டாப்புல இருந்து இதுக்கு வயர் இல்லாம பாட்டு அனுப்பணும், சத்தம் சுத்தமா இருக்கணும், எதை வாங்கறது?" என்று கேட்டார். ஒரே வரியில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. உட்லண்ட்ஸில் எங்கள் வீட்டில் இதே கேள்வியோடு ஏறக்குறைய இரண்டு வருடம் அலைந்திருக்கிறேன், நாலைந்து வழிகளை முயன்று பார்த்திருக்கிறேன், வாங்கிய சாமான்களில் பாதியைப் பழைய சாமான் விற்கும் கேரோசல் செயலியில் விற்றும் விட்டேன். அவருக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் எங்கள் வீட்டு நிலவரம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) நாலறை வீடு. கணினி என் படுக்கையறையில் இருக்கிறது, ஸ்டீரியோ ஹாலில். ஆம்ப்ளிஃபயர் அப்பா தொண்ணூறுகளில் வாங்கியது, இன்னமும் நன்றாகவே பாடுகிறது. இரண்டுக்கும் நடுவே வீட்டுப் பாதுகாப்பு அறை நிற்கிறது, கம்பி கட்டிய கான்கிரீட் சுவரும் கனமான இரும்புக் கதவுமாக. அப்பா சிராங்கூன் சாலைக் கடைகளில் வாங்கிச் சேர்த்த சிடிகளை, நாதஸ்வரம், தேவாரம், பழைய சினிமாப் பாட்டு எல்லாவற்றையும், ஒரு டிசம்பர் விடுமுறை முழுக்க உட்கார்ந்து, தரம் குறையாத ஃப்ளாக் வகைக் கோப்புகளாகக் கணினியில் ஏற்றினேன். அப்புறம் ஒரு மலிவான புளூடூத் ரிசீவரை ஆம்ப்ளிஃபயரின் பின்னால் செருகி அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். அம்மா கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "ஏன்டா, துணியப் போட்டு மூடுன மாதிரி இருக்கு" என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. உடனே அதே சிடியை எடுத்து அப்பாவின் பழைய பிளேயரில் போட்டார். அதே பாட்டு, அதே ஆம்ப்ளிஃபயர், அதே ஸ்பீக்கர். கைத்தாளத்தின் கிணுகிணுப்பு சட்டென்று திறந்துகொண்டது. அம்மா சொன்னதுதான் சரி.

அந்த ஒரு நிமிடத்தில் ஒன்று தெளிவானது. கெட்டுப்போனது பாட்டும் இல்லை, ஸ்பீக்கரும் இல்லை, இடையில் போன வழிதான். அந்த வழியில் மூன்று இடங்களில் சத்தம் தேய வாய்ப்பு இருக்கிறது. ஒன்று, கணினியிலிருந்து கிளம்பும் முன்பே அதன் இயங்குதளம் பாட்டை மாற்றி அனுப்பலாம். இரண்டு, காற்றில் போவதற்காகப் பாட்டை மறுபடியும் சுருக்கலாம். மூன்று, ஸ்டீரியோ பக்கத்தில் எண்களை மறுபடி ஒலி அலையாக மாற்றுகிற சில்லு, டாக் என்பார்களே, அது மட்டமானதாக இருக்கலாம். எந்தப் பெட்டியை வாங்குவதானாலும் இந்த மூன்றில் எதை அது சரிசெய்கிறது என்று கேட்டுக்கொண்டால் போதும், விளம்பரத்தில் உள்ள மீதிப் பேச்சையெல்லாம் ஒதுக்கிவிடலாம்.

கடைக்குப் போகும் முன் முதல் இடத்தை இலவசமாகவே சரிபார்க்கலாம். விண்டோஸ், எல்லாச் செயலிகளின் சத்தத்தையும் ஒன்றாகக் கலந்து, ஒலி அமைப்பில் குறித்திருக்கும் வேகத்துக்கு, அதாவது விநாடிக்கு எத்தனை முறை ஒலியை அளந்து எண்ணாக்குவது என்ற கணக்குக்கு, மாற்றித்தான் வெளியே விடும். சிடியின் வேகம் 44.1 கிலோஹெர்ட்ஸ், பல கணினிகளில் அங்கே 48 என்று இருக்கும், ஆகவே ஒவ்வொரு பாட்டும் தேவையில்லாமல் ஒரு மாற்றத்தைக் கடந்து போகிறது. இது பெரிய சேதம் இல்லை. ஆனால் அதே பக்கத்தில் 'ஒலி மேம்பாடு' என்ற பெயரில் வைத்திருக்கிறார்களே, பேஸ் கூட்டுவது, அறை எதிரொலி சேர்ப்பது என்று, அவற்றைக் கட்டாயம் அணைத்துவிடுங்கள். கணினியின் வால்யூமை முழுதாக வைத்துவிட்டு, சத்தத்தை ஆம்ப்ளிஃபயரின் குமிழில் கூட்டிக் குறையுங்கள். 16 பிட்டில் போகும் பாட்டை கணினியிலேயே 6 டெசிபெல் குறைத்தால் ஏறக்குறைய 1 பிட் நுணுக்கம் போகிறது, நாலில் ஒரு பங்குக்கு இறக்கிவிட்டு ஆம்ப்ளிஃபயரை முறுக்கினால் மெல்லிய பகுதிகளில் இரைச்சல் மேலே வந்துவிடும். ஸ்பாட்டிஃபை வைத்திருப்பவர்கள் அதன் அமைப்புக்குள் போய் தரத்தை 'தானியங்கி' என்பதிலிருந்து மாற்றியிருக்கிறோமா என்றும் பாருங்கள். மாப்பிள்ளை வீட்டில் அது அப்படியேதான் கிடந்தது.

சரி, இப்போது புளூடூத். இதைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாரும் முதலில் வாங்குவது இதைத்தான்.

ஒரு சிடியின் பாட்டு ஒரு விநாடிக்கு 1,411 கிலோபிட் எடுக்கும். புளூடூத்தில் எல்லாக் கருவியும் பேசியே ஆக வேண்டிய அடிப்படை மொழி எஸ்பிசி. அதன் நல்ல அமைப்பில் போவது 328 கிலோபிட், அதாவது நாலில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆப்ட்எக்ஸ் 352. ஆப்பிள் கருவிகள் பயன்படுத்தும் ஏஏசி ஏறக்குறைய 256, ஆனால் அது புத்திசாலித்தனமாகச் சுருக்கும் முறை, எண் குறைவு என்பதற்காக மட்டம் என்று சொல்லிவிட முடியாது. சோனி 2015இல் கொண்டுவந்த எல்டாக் 330, 660, 990 என்று மூன்று படிகளில் ஓடும். 990இல் ஓடினால் பெரும்பாலான காதுகளுக்குக் குறையே தெரியாது.

இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். பெட்டியின் மேல் எல்டாக் என்று போட்டிருந்தால் போதாது, அனுப்புகிற பக்கமும் அதே மொழி பேச வேண்டும். ஆண்ட்ராய்டு போன்களில் 2017இல் வந்த எட்டாம் பதிப்பிலிருந்து எல்டாக் உண்டு. விண்டோஸிலும் மேக்கிலும் அது உள்ளுக்குள் கிடையாது. விண்டோஸ் 10இல் ஆப்ட்எக்ஸும், விண்டோஸ் 11இல் ஏஏசியும் சேர்ந்தன, மேக் ஏஏசி பேசும். லினக்ஸ் வைத்திருப்பவர்கள் பைப்வயர் என்ற ஒலி மென்பொருள் மூலம் எல்டாக் வரை போகலாம். ஆக, விண்டோஸ் லேப்டாப்பிலிருந்து அனுப்ப எல்டாக் ரிசீவருக்குக் கூடுதல் காசு கொடுத்தால் அந்தக் காசு வீண், தனியாக எல்டாக் அனுப்பும் யுஎஸ்பி குச்சி ஒன்றையும் சேர்த்து வாங்கினால் ஒழிய. நான் அப்படித்தான் ஒரு ரிசீவரை வாங்கிவிட்டு, இரண்டு வாரம் எஸ்பிசியையே எல்டாக் என்று நினைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இன்னொரு சங்கதி, ஆன்லைனில் கேட்கும் பாட்டு பெரும்பாலும் ஏற்கெனவே சுருக்கப்பட்டதுதான். அதை விரித்து, புளூடூத்துக்காக இரண்டாம் முறை சுருக்கி அனுப்புகிறோம். நகலை மறுபடி நகலெடுக்கும்போது எழுத்தின் ஓரங்கள் மங்குகிற மாதிரி, இங்கே மங்குவது மேல் ஸ்தாயி. கைத்தாளம், கஞ்சிராவின் சலங்கை, கடத்தின் மேல் விரல்படும் 'டிக்', இவைதான் முதலில் அடிபடும். மெல்லிசைப் பாட்டில் பலருக்கு இது பிடிபடாது. தம்புரா மட்டும் பின்னால் நின்று ஒலிக்கும் ஆலாபனையைப் போட்டுப் பாருங்கள். தம்புராவின் மீட்டலில் மேலே மேலே விரியும் அந்த ரீங்காரம் அசையாமல் நிற்க வேண்டும். எஸ்பிசியில் எனக்கு அது லேசாக நடுங்குவது போலக் கேட்டது. இதுவரை எத்தனையோ பெட்டிகளைச் சோதித்ததில் தம்புராவைப் போல நேர்மையான சோதனை எனக்கு வேறு கிடைக்கவில்லை.

அப்புறம் இந்த ஊர் நிலைமை. புளூடூத் ஓடுவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். அதே இடத்தில்தான் பழைய வைஃபை, மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் இருக்கின்றன. அடுக்குமாடியில் மேலே, கீழே, இரு பக்கமும், எதிர் புளோக்கிலும் ஆளுக்கொரு ரவுட்டர், 2.4இல் ஒன்றோடொன்று மோதாத வைஃபை சேனல்கள் மூன்றே மூன்று. புளூடூத் விநாடிக்கு 1,600 முறை இடம் மாறி மாறித் தாவித் தப்பிக்கப் பார்க்கும், ஆனாலும் கான்கிரீட் சுவர் குறுக்கே நின்றால் திணறிவிடும். எல்டாக் தானாகவே 330க்கு இறங்கிக்கொள்ளும், நமக்குச் சொல்லவும் சொல்லாது. எங்கள் வீட்டில் மாலை ஏழு மணிக்கு மேல் பாட்டு விட்டு விட்டு வரும். காரணம் அண்டை வீடுகள் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். கடைசியில் பாதிக் குற்றவாளி என் மேசையிலேயே இருந்தது. பாட்டு வைத்திருந்த வெளி வன்தட்டு யுஎஸ்பி 3 வகை, அந்த வகைக் கேபிளும் செருகியும் 2.4 பக்கத்தில் வானொலி இரைச்சலைக் கசியவிடும் என்பது பல வருடமாகவே தெரிந்த விஷயம், அதற்குப் பக்கத்துத் துளையிலேயே நான் புளூடூத் குச்சியைச் செருகி வைத்திருந்தேன். ஒரு சின்ன யுஎஸ்பி நீட்டிப்புக் கம்பியில் குச்சியைத் தள்ளி வைத்ததும் பாதித் தொல்லை போய்விட்டது. புளூடூத்தோடுதான் இருக்கப் போகிறேன் என்பவர்கள் வேறு எதையும் வாங்கும் முன் இதைச் செய்து பாருங்கள்.

மைக் உள்ள ரிசீவர் என்றால் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஏதாவது ஒரு கூட்டச் செயலி அந்த மைக்கைத் திறந்துவிட்டால், இணைப்பு முழுவதும் தொலைபேசித் தரத்துக்கு மாறி, பாட்டு ஒற்றைக் காதில் கேட்பது போல ஆகிவிடும். விண்டோஸில் அந்தக் கருவியின் 'ஹேண்ட்ஸ்-ஃப்ரீ' சேவையை அணைத்துவிட்டால் தீர்ந்தது.

இவ்வளவு குறை சொன்னாலும், புளூடூத்தை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். வீட்டுக்கு வந்தவர் தன் போனிலிருந்து ஒரு பாட்டு போட ஆசைப்பட்டால் அதைப் போலச் சுலபம் வேறில்லை. கணினியும் ஸ்டீரியோவும் ஒரே அறையில், சுவர் இல்லாமல், ஆறேழு அடிக்குள் இருந்தால் நன்றாகவே வேலை செய்யும். காலையில் ஒலி 96.8 கேட்க மட்டும் என்றால் இதுவே போதும், இணையத்தில் வரும் வானொலியே சுருக்கப்பட்டதுதான், அதற்கு மேல் நாம் எதைக் காப்பாற்றப் போகிறோம்.

எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் என்று காரில் செருகுகிற மாதிரி ஒன்று விற்கிறார்களே, அதை வைத்துப் பழைய டியூனருக்கு அனுப்பலாமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம். எஃப்எம்மில் 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் போகாது, இங்கே நம் நிலையங்களோடு ஜோகூர், பாத்தாம் நிலையங்களும் சேர்ந்து நெருக்கி நிற்கையில் காலி இடம் கிடைப்பதே கடினம்.

வைஃபை வழி அடிப்படையிலேயே வேறு. இங்கே பாட்டைச் சுருக்கித் தள்ள வேண்டிய அவசியம் இல்லை, இடம் தாராளமாக இருக்கிறது. வழியில் ஒரு துண்டு தொலைந்தால் மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளும், கொஞ்சம் பாட்டை முன்கூட்டியே சேமித்து வைத்துக்கொண்டுதான் வாசிக்கும். ஆகவே வந்து சேர்வது அச்சு அசலாக அதே எண்கள். பலர் என்னிடம் 10 கிகாபிட் இணையத் திட்டத்துக்கு மாறினால் பாட்டு நன்றாகுமா என்று கேட்டிருக்கிறார்கள். சிடி தரப் பாட்டுக்குத் தேவை 1.4 மெகாபிட். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் கோப்புக்கே 4.6 மெகாபிட்தான். சாதாரண 1 கிகாபிட் இணைப்பிலேயே கணக்குப்படி எழுநூறு வீட்டுக்குச் சிடி தரத்தில் அனுப்பலாம். வேகத்துக்குக் காசு கொடுக்காதீர்கள், வேண்டியது வீட்டுக்குள் நிலையான சிக்னல்.

வைஃபையிலும் இரண்டு விதம் உண்டு, இந்த வித்தியாசம்தான் நான் தாமதமாகப் புரிந்துகொண்டது. ஒன்று தள்ளுவது: கணினி பாட்டை வாசித்து, அந்தச் சத்தத்தை ஸ்டீரியோ பக்கம் தள்ளுகிறது. ஆப்பிள் 2004இல் ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் பெட்டியோடு ஆரம்பித்து 2010இல் ஏர்பிளே என்று பெயர் மாற்றியது இப்படிப்பட்டது, 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸில் இழப்பில்லாமல் அனுப்பும். மேக் வைத்திருப்பவர்களுக்கு இதைவிட எளிய வழி கிடையாது, மெனுவில் ஒரு சொடுக்குதான். ஆனால் சுமார் 2 விநாடி தாமதம் இருக்கும், விளையாட்டுக்கு உதவாது, சில வீடியோக்களில் வாய் ஒரு பக்கம் போகும், பேச்சு ஒரு பக்கம் வரும். குரோம் உலாவியில் ஒரு பக்கத்தை அப்படியே கூகுளின் குரோம்காஸ்ட் கருவிக்கு அனுப்புவதும் தள்ளுவதுதான், ஆனால் அங்கே சத்தம் மறுபடி சுருக்கப்படுகிறது, புளூடூத்திலிருந்து தப்பித்து வந்து அதே பள்ளத்தில் விழுந்த மாதிரி.

இன்னொன்று இழுப்பது: ஸ்டீரியோ பக்கம் இருக்கும் பெட்டியே, ஸ்ட்ரீமர் என்பார்கள் இதை, கோப்பையோ இணையப் பாட்டையோ நேராக இழுத்து வாசிக்கிறது, கணினியும் போனும் வெறும் ரிமோட். ஸ்பாட்டிஃபை கனெக்ட் இப்படித்தான் வேலை செய்கிறது. கணினியில் உள்ள கோப்புகளுக்கு, அவற்றை வீட்டு நெட்வொர்க்கில் பகிரும் டிஎல்என்ஏ சர்வர் என்ற மென்பொருள் ஒன்றை ஓடவிட்டால் போதும். நான் வைத்திருப்பது லிரியான் மியூசிக் சர்வர், பழைய ஸ்குவீஸ்பாக்ஸ் கருவிகளோடு வந்த மென்பொருளின் வாரிசு. அந்தக் கருவிகளின் உற்பத்தி 2012இலேயே நின்றுவிட்டது, மென்பொருளை மட்டும் ஆர்வலர்கள் இன்றும் இலவசமாக வளர்த்து வருகிறார்கள். இழுக்கும் முறையில் விண்டோஸின் கலவை, வால்யூம், மேம்பாடு எதுவும் குறுக்கே வராது, மேலே சொன்ன முதல் இடமும் இரண்டாம் இடமும் ஒரே அடியில் தீர்ந்துவிடுகின்றன. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது கணினியில் அறிவிப்பு மணி அடித்தால் அது ஹாலில் கேட்காது என்பதும் பெரிய நிம்மதி.

சுவர் விஷயத்தில் வைஃபைக்கும் தொல்லைதான். 5 கிகாஹெர்ட்ஸ் அலை காலியாக இருக்கும், ஆனால் பாதுகாப்பு அறையின் கான்கிரீட்டைத் தாண்ட அதற்கு 2.4ஐ விடக் கஷ்டம். கணினியும் வைஃபை, ஸ்ட்ரீமரும் வைஃபை என்றால் ஒவ்வொரு துண்டும் காற்றை இரண்டு முறை கடக்கிறது, முதலில் ரவுட்டருக்கு, அப்புறம் ஸ்ட்ரீமருக்கு. எங்கள் ரவுட்டர் ஹாலில், டிவிக்குக் கீழேதான் இருக்கிறது, ஸ்டீரியோவும் அங்கேயே. அரை மீட்டர் நெட்வொர்க் கேபிளால் ஸ்ட்ரீமரை ரவுட்டரில் செருகினேன், அன்றோடு தடங்கல் நின்றது. பெரும்பாலான வீடுகளில் ரவுட்டர் டிவிப் பக்கம்தான் இருக்கும், அப்படியிருக்கையில் வாங்கும்போது நெட்வொர்க் துளை உள்ள ஸ்ட்ரீமரைப் பார்த்து வாங்குங்கள் என்பதை நான் அழுத்தியே சொல்வேன்.

எந்தப் பெட்டி என்றால், இப்போது புதிதாக வாங்குபவர்களுக்கு வீம் வகை சிறிய ஸ்ட்ரீமர்கள் கைக்கெட்டும் விலை. அவற்றில் சில மாதிரிகளில்தான் நெட்வொர்க் துளை உண்டு, பார்த்து எடுங்கள். பழையது போதும் என்றால் கேரோசலில் இரண்டு கருவிகள் அவ்வப்போது வரும். 2015இல் வந்து 2019இல் நின்றுபோன குரோம்காஸ்ட் ஆடியோ, 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வரை வாசிக்கும். 2018இல் நிறுத்தப்பட்ட ஏர்போர்ட் எக்ஸ்பிரஸின் இரண்டாம் தலைமுறை, வெள்ளைச் சதுரப் பெட்டி, நிறுத்திய பிறகும் ஆப்பிள் அதற்கு ஏர்பிளே 2 கொடுத்தது. இரண்டிலுமே ஒற்றை ஜாக்கில் சாதாரணக் கம்பியும் போகும், பாட்டை ஒளியாக அனுப்பும் ஆப்டிக்கல் கம்பியும் போகும். மேக் உள்ள வீட்டுக்கு நல்ல நிலையில் ஒரு ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் மலிவாகக் கிடைத்தால் நான் யோசிக்கவே மாட்டேன். ஆனால் உற்பத்தி நின்ற கருவி, நாளைக்கு மென்பொருள் ஆதரவு போனால் கேட்க ஆள் இல்லை, அதற்கேற்ற விலை மட்டும் கொடுங்கள்.

ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினிப் பலகையில் நானே செய்துகொள்கிறேன் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நானும் செய்தேன். அதன் 3.5 மில்லிமீட்டர் ஜாக்கின் சத்தம் இரைச்சலும் தட்டையுமாக இருக்கும், அதை நம்பி ஆரம்பிக்காதீர்கள், ஐந்தாம் மாதிரியில் அந்த ஜாக்கே கிடையாது. மேலே செருகும் டாக் பலகை ஒன்று வாங்கியே ஆக வேண்டும். ஜீரோ 2 டபிள்யூ மாதிரியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும்தான், நம் புளோக்குகளில் அது நெருக்கடி. வால்யூமியோ, மூட், பைகோர்பிளேயர் என்று மென்பொருள்கள் இலவசம், பலகை நன்றாக இருந்தால் சத்தமும் அருமையாகவே வரும். ஆனால் பலகை, கூடு, மின் அடாப்டர், நினைவட்டை என்று கூட்டிப் பார்த்தால் தயார் ஸ்ட்ரீமரின் விலைக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. அம்மாவுக்கு இரவு படுக்கப் போகும் முன் சுவர் சுவிட்சை அணைக்கும் பழக்கம், முறையாக மூடாமல் மின்சாரம் போனதில் ஒரு நாள் நினைவட்டை கெட்டுப்போய் எல்லாவற்றையும் மறுபடி நிறுவ வேண்டியிருந்தது. பைகோர்பிளேயர் முழுக்க நினைவகத்திலிருந்தே ஓடுவதால் அந்தத் தொல்லை குறைவு, ஆனால் அதை நான் தெரிந்துகொண்டது அதற்குப் பிறகுதான். கருவியைப் பிரித்துப் பார்ப்பதில் சந்தோஷம் இருந்தால் பை, பாட்டு கேட்பதில் மட்டும் சந்தோஷம் என்றால் தயார் ஸ்ட்ரீமர்.

இனி கேபிள். கணினியும் ஸ்டீரியோவும் ஒரே அறை என்றால், ஒரு யுஎஸ்பி டாக், அதிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு ஆர்சிஏ கம்பி, அவ்வளவுதான், இதைத் தோற்கடிக்க எந்த வயர்லெஸ்ஸாலும் முடியாது. வேறு அறை என்றால் கதை மாறும். யுஎஸ்பி கேபிள் 5 மீட்டருக்கு மேல் நம்பகமில்லை. நீள ஆடியோ கம்பியை இழுத்தால் லேப்டாப் சார்ஜரின் மூன்று முள் பிளக் வழியாகவும் ஆம்ப்ளிஃபயர் வழியாகவும் தரை இணைப்புச் சுற்றிக்கொண்டு 'ம்ம்ம்' என்ற உறுமல் வரலாம். எங்கள் வீட்டில் 10 மீட்டர் கம்பியில் அதுதான் நடந்தது, சார்ஜரைக் கழற்றினால் உறுமல் போகும், செருகினால் வரும். வயர்லெஸ்ஸும் ஆப்டிக்கல் கம்பியும் இந்த உறுமலை அடியோடு வெட்டிவிடும், தரத்துக்காக வயர்லெஸ்ஸுக்குப் போவதில் அர்த்தம் இருக்கிற இடம் இது.

கடைசி இடம் டாக். ஸ்ட்ரீமரிலேயே ஒன்று இருக்கும். தனியாக நல்லது வாங்கலாமா? சிட்டி ஹால் பக்கம் அடெல்ஃபி கட்டடத்தில் ஹைஃபை கடைகளில் உட்கார்ந்து கேட்டால் எல்லாமே ஆசை காட்டும். வீட்டில் தங்கையும் அம்மாவும் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சோதித்தோம், எது ஓடுகிறது என்று கேட்பவருக்குத் தெரியாதபடி. இதில் சத்த அளவைச் சமமாக்குவது மிக முக்கியம், கொஞ்சம் உரக்க ஒலிப்பதே எப்போதும் நல்லதாகத் தோன்றும். எஸ்பிசி புளூடூத்தையும் ஸ்ட்ரீமரையும் அம்மா பத்தில் ஒன்பது முறை சரியாகப் பிரித்தார். ஸ்ட்ரீமரின் உள் டாக்கையும் இரவல் வாங்கிவந்த தனி டாக்கையும் மூவராலும் பிரிக்க முடியவில்லை. சிடி தரக் கோப்புக்கும் 24 பிட் கோப்புக்கும் அதே கதி. ஆகவே சுருக்கத்தைப் போக்குவதற்குக் காசு கொடுக்கலாம், அதற்கு மேல் டாக்குக்குக் கொடுப்பதை நான் தள்ளிப்போடுவேன். ரிசீவரோ ஸ்ட்ரீமரோ, பழைய ஆம்ப்ளிஃபயரில் செருகும்போது 'ஃபோனோ' என்று எழுதிய துளையில் மட்டும் செருகாதீர்கள், அது இசைத்தட்டு ஊசிக்கானது, சத்தம் கிழிந்து பேஸ் வீங்கி வரும். ஆக்ஸ், சிடி, டேப், டியூனர் எதுவானாலும் பரவாயில்லை.

மாப்பிள்ளைக்குச் சொன்னது இதுதான். லேப்டாப் விண்டோஸ், கேட்பது பெரும்பாலும் ஸ்பாட்டிஃபை, ரவுட்டரும் ஸ்டீரியோவும் ஒரே டிவி மேசையில். நெட்வொர்க் துளை உள்ள சிறிய ஸ்ட்ரீமர் ஒன்று, தனி டாக் வேண்டாம், புளூடூத் அந்தப் பெட்டிக்குள்ளேயே விருந்தாளிகளுக்காக இருக்கிறது. "அப்ப லேப்டாப்பே வேணாமா?" என்றார். பாட்டைத் தேர்ந்தெடுக்க மட்டும் வேண்டும், பாட்டு அதன் வழியாகப் போக வேண்டாம். மிச்சமாகும் காசில் ஒரு தடித்த கம்பளமும் ஜன்னல் திரையும் வாங்கச் சொன்னேன், வழவழப்பான தரையும் வெறும் சுவரும் உள்ள புது வீட்டில் கைத்தட்டினால் 'டிங்' என்று திரும்பி வருகிறதே, அதை எந்த ஸ்ட்ரீமராலும் சரிசெய்ய முடியாது. டிவி அலமாரிக்குள் அடைத்து வைத்திருந்த ஸ்பீக்கர்களை நாங்கள் இருவரும் சேர்ந்து வெளியே எடுத்து, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தோம். போன சனிக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் அதே தேவாரத்தைப் போட்டோம். அம்மா கைத்தாளம் வரும் இடம் வரைக்கும் ஒன்றும் பேசவில்லை, அது வந்ததும் தலையாட்டினார், அப்புறம் மணி பத்தரை ஆகப் போகிறது, சத்தத்தைக் குறை என்றார்.